எப்ப வாயால சாப்பிடுவார்?

பாரிசவாதம், அதாவது ஸ்ட்ரோக், வந்து கிடக்கிறவரைப் பார்க்க வருகிற சனம் முதலில் கை காலைத்தான் கேட்கும். கை அசைக்கிறாரா, கதைக்கிறாரா, ஆட்களை அடையாளம் தெரிகிறதா என்று. அடுத்தது சாப்பாடு. மூக்கில் சாப்பாடு ஏற்றுகிற ரியூப் இருப்பதைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ‘எப்பவாம் வாயால சாப்பிடுவார்?’ என்று கேட்பார்கள். அப்பாவுக்கு வந்தபோது நானும் வாட்டில் கண்ட எல்லாரையும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘பாப்பம்’ என்றார்கள், ‘ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி’ என்றார்கள், ‘எல்லாம் அவன் விட்ட வழி’ என்றார்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் இதைவிட உருப்படியான ஒரு பதில் இருக்கிறது. முதல் சில நாட்களிலேயே, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கக்கூடிய நாலைந்து விசயங்களை வைத்து, இவருக்கு இது கெதியாகத் திரும்புமா, மாதக்கணக்கில் இழுக்குமா என்று ஓரளவு கணக்குப் போடலாம். அந்தக் கணக்கு டொக்டரின் தலைக்குள் மட்டும் இருந்தால் போதாது, நோயாளியோடு நிற்கிற வீட்டாருக்கும் தெரிய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஏனென்றால் அந்த நாட்களில் கையில் கரண்டியோடு நிற்பது வீட்டார்தான்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. அப்பாவோடு நின்ற மகன். கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன், உங்கள் ஆளுக்கு என்ன செய்வதென்று அவரைப் பார்க்கிற டொக்டரோடும், விழுங்குவதையும் சோதிக்கிற பேச்சு சிகிச்சையாளரோடும் கதைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விழுங்குவதை நாங்கள் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. உண்மையில் கிட்டத்தட்ட முப்பது சோடித் தசைகளும் மூளையிலிருந்து வருகிற ஐந்து சோடி நரம்புகளும் சேர்ந்து செய்கிற வேலை அது. நாக்கு உணவைப் பின்னுக்குத் தள்ள, மூச்சு ஒரு கணம் நிற்க, குரல்வளை மேலே எழும்பி மூடிக்கொள்ள, உணவுக்குழாயின் வாசல் திறக்க, எல்லாம் முடிந்து மூச்சு திரும்பவும் ஓட வேண்டும். தொண்டைப் பகுதியில் நடப்பது ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும். காற்றுப் போகிற வழியும் சோறு போகிற வழியும் அந்த இடத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன, அதனால் அரைச் செக்கன் பிந்தினாலும் குடித்த தண்ணீர் சுவாசப்பைப் பக்கம் போய்விடும். எங்களுக்கு அப்படிப் போனால் புரைக்கேறி, கண் சிவந்து, இருமித் தள்ளிவிடுவோம். ஸ்ட்ரோக் வந்த பலருக்குத் தொண்டையின் உணர்ச்சியே மங்கிப்போயிருக்கும். உள்ளே போனது தெரியாது, இருமலும் வராது. ‘குடுத்தனாங்கள், இருமேல்லை, நல்லாத்தான் குடிச்சவர்’ என்று வாட்டில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருமவில்லை என்பது நல்ல சேதியாகவும் இருக்கலாம், மிக மோசமான சேதியாகவும் இருக்கலாம், வெளியில் நின்று பார்த்து அதைப் பிரித்தறிய முடியாது.

ஸ்ட்ரோக் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சிக்கல் வருகிறது என்பது எப்படிப் பார்க்கிறோம் என்பதில் தங்கியிருக்கிறது. பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று இருக்கிறது, கனடாவைச் சேர்ந்த ரோஸ்மேரி மார்ட்டினோவும் கூட்டாளிகளும் எழுதியது. மேலோட்டமான சோதனையில் பார்த்தால் நூற்றுக்கு 37 முதல் 45 பேருக்கு, எக்ஸ்ரே போன்ற கருவி வைத்துப் பார்த்தால் 64 முதல் 78 பேருக்கு. அதே கட்டுரையில்தான் இன்னொன்றும் இருக்கிறது: விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நியூமோனியா, அதாவது சுவாசப்பையில் கிருமித் தொற்று, வரும் ஆபத்து மற்றவர்களைப்போல மூன்று மடங்கு, உணவு சுவாசப்பைக்குள் போவது உறுதியானவர்களுக்குப் பதினொரு மடங்கு. இதை வாசித்த இரவில் எனக்கு நித்திரை வரவில்லை.

சரி, நல்ல செய்திக்கு வருவோம். பெரும்பாலானவர்களுக்கு இது திரும்புகிறது, அதுவும் முதல் கிழமையிலேயே நிறையப் பேருக்கு. 1997இல் வெளிவந்த ஓர் இங்கிலாந்து ஆய்வில், ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஆபத்து இருந்தது, ஏழாம் நாள் பார்த்தபோது அது கிட்டத்தட்டக் கால்வாசியாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 1999இல் வந்த ஆய்வு ஆறு மாதம் வரை பின்தொடர்ந்து பார்த்தது: உயிரோடு இருந்தவர்களில் நூற்றுக்கு 87 பேர் பழைய சாப்பாட்டுக்கே திரும்பியிருந்தார்கள். அதாவது முதல் நாள் ரியூப்பைக் கண்டு ‘இனி இவ்வளவுதான்’ என்று நினைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. எங்கள் பக்கத்தில் மூக்கு ரியூப் என்றால் கடைசிக் கட்டம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது, அம்மாவும் அப்படித்தான் நினைத்து அழுதா.

ஏன் திரும்புகிறது என்பதற்கும் அழகான ஒரு விளக்கம் உண்டு. வலது கையை மூளையின் இடது பக்கம் ஆட்டுவிக்கிறது, அந்தப் பக்கம் அடிபட்டால் கை விழுந்துவிடும், அதைத் திரும்ப எழுப்புவது பெரும் பாடு. விழுங்குவது அப்படியில்லை. அதற்கு மூளையின் இரண்டு பக்கமும் பொறுப்பு, ஆனால் சமமாக இல்லை, பெரும்பாலானவர்களுக்கு ஒரு பக்கம் மூத்தது, மற்றது இளையது மாதிரி. மூத்த பக்கம் அடிபட்டால் விழுங்கல் நின்றுபோகும், இளைய பக்கம் அடிபட்டால் அவ்வளவாகத் தெரியாது. மன்செஸ்டரில் ஷாஹீன் ஹம்டி என்பவரும் அவருடைய குழுவும் தலைக்கு மேல் காந்தத் துடிப்புக் கொடுத்து இதை அளந்து பார்த்தார்கள். 1998இல் அவர்கள் வெளியிட்டது என்னவென்றால், விழுங்கும் சக்தி திரும்பியவர்களுக்கு அடிபட்ட பக்கம் சுகமாகவில்லை, அடிபடாத பக்கத்தில் தொண்டைக்கான இடம் பெருத்திருந்தது. திரும்பாதவர்களுக்கு அப்படிப் பெருக்கவில்லை. கை கால் அப்படியே கிடக்க, தொண்டை மட்டும் முந்திக்கொண்டு வருகிறதே, அது எப்படி என்று யோசித்திருந்த எனக்கு இதை அறிந்தபோதுதான் விளங்கியது.

இதன் மறுபக்கமும் உண்டு. இரண்டு பக்கமும் அடிபட்டவர்களுக்கு, உதாரணமாக முன்பே ஒருமுறை மற்றப் பக்கத்தில் ஸ்ட்ரோக் வந்து போனவர்களுக்கு, கைகொடுக்க ஆளில்லை. அவர்களுக்கு நாள் பிடிக்கும்.

அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர் வயதில் மிக இளையவர். கை கால் நன்றாக இருந்தது, நடந்து போய் முகம் கழுவிவிட்டு வருவார், கொஞ்சம் தள்ளாடுவார், அவ்வளவுதான். ஆனால் கையில் எந்நேரமும் ஒரு பிளாஸ்ரிக் கோப்பை. வாயில் ஊறுகிற எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் அதில் துப்பிக்கொண்டே இருப்பார். இந்த மனுசனுக்கு என்ன குறை என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அடிபட்ட இடம் மூளையின் அடித்தண்டு. அந்தத் தண்டின் பக்கவாட்டில், விழுங்குதலை இயக்குகிற மையமே இருக்கிறது. கடலைப்பருப்பளவு இடம் செத்தாலும் போதும், உணவுக்குழாயின் மேல் வாசல் திறக்காது. மூளையின் பெரிய பாகத்தில் பெரிய அடி வாங்கிய அப்பா, கைகால் அசையாமல் கிடந்தவர், அந்த ஆளுக்கு முந்தியே விழுங்கத் தொடங்கிவிட்டார். ஆகவே ஸ்கானைப் பார்த்து ‘பெரிசோ சின்னனோ’ என்று கேட்பதோடு ‘எந்த இடம்’ என்றும் கேளுங்கள், விழுங்கும் விசயத்தில் இரண்டாவது கேள்விக்குப் பல நேரம் கனம் கூட.

இந்தக் கேள்விகளையெல்லாம் சேர்த்துக் கணக்காக்கியவர்கள் இருக்கிறார்கள். அண்ணா சுவிஸில் இருக்கிறார், ஒவ்வொரு இரவும் வீடியோவில் அப்பாவைப் பார்த்துவிட்டு ‘அங்கத்தைய டொக்டர்மார் என்ன சொல்லினம்’ என்று கேட்பார். ஒருநாள் அவரே, அவர் இருக்கிற நாட்டில் செய்த வேலை என்று சொல்லி, ஒரு கட்டுரையின் பெயரை அனுப்பினார். மரியான் கலோவிச் என்பவரின் தலைமையில் செய்து 2019இல் ஜாமா நியூரோலஜி என்ற மருத்துவ இதழில் வந்தது. இரத்தக் கட்டியால் ஸ்ட்ரோக் வந்து விழுங்கக் கடுமையாகச் சிரமப்பட்டவர்களைப் பார்த்து, ஏழாம் நாளிலும் முப்பதாம் நாளிலும் வாயால் சாப்பிட முடியாமல் இருப்பார்களா என்பதை முன்கூட்டிச் சொல்ல ஒரு புள்ளிக் கணக்கு உண்டாக்கியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் பிரெஸ். முதலில் ஒரு தொகுதி நோயாளிகளை வைத்து உண்டாக்கி, பிறகு வேறொரு தொகுதியில் பொருந்துகிறதா என்று சரிபார்த்தது என்பதால் எனக்கு அதில் மரியாதை.

அதில் பார்ப்பது ஐந்து விசயம்தான். எழுபது வயதுக்கு மேலா. வந்த நேரத்தில் ஸ்ட்ரோக் எவ்வளவு கடுமை, இதற்கு என்.ஐ.எச். அளவு என்று உலகம் முழுக்கப் பாவிக்கிற ஒன்று இருக்கிறது. மூளையில் முன்மடலின் கீழ்ப்பக்கம், முகத்தையும் நாக்கையும் ஆட்டுகிற அந்த மடிப்பு அடிபட்டிருக்கிறதா. தொடக்கச் சோதனையில் சுவாசப்பைக்குள் போகும் அறிகுறிகள் இருந்தனவா, அதாவது பலமில்லாத இருமல், கொழகொழத்த குரல், குளறும் பேச்சு, விழுங்கியதும் இருமல், இப்படியானவற்றில் ஒன்றுக்கு மேல். கடைசியாக, தொடக்கத்தில் வாயால் எவ்வளவு சாப்பிட முடிந்தது, ஒன்றுமே இல்லையா, கூழ் மாதிரியாவது முடிந்ததா. புள்ளி ஏற ஏற நாள் நீளும்.

பாருங்கள், இதில் ஸ்கானைத் தவிர மற்றதெல்லாம் கட்டிலடியில் கண்ணாலும் காதாலும் பார்ப்பதுதான். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் செய்ய முடியாதது ஒன்றுமில்லை.

அப்பாவைச் சோதிக்க வந்த பேச்சு சிகிச்சையாளர் சின்ன வயதுப் பிள்ளை. வந்தவுடன் தண்ணீரை நீட்டவில்லை. கட்டிலை நிமிர்த்தி, தலையணை வைத்து நேராக இருத்தி, அப்பா முழுதாக விழித்திருக்கிறாரா என்று பார்த்து, ‘ஐயா, ஒருக்கா நல்லா இருமுங்கோ’ என்றார். பிறகு ‘ஆ எண்டு சொல்லுங்கோ’. குரலைக் காது கொடுத்துக் கேட்டார். வாயைத் திறந்து, அடிபட்ட பக்கக் கன்னத்துக்குள் என்ன கிடக்கிறது என்று ரோச் அடித்துப் பார்த்தார். முதலில் கூழ்ப் பதத்தில் ஒன்றைக் கால் கரண்டி கொடுத்து, நாலு விரல்களைத் தொண்டையில் மெல்ல வைத்து, குரல்வளை எழும்புகிறதா என்று உணர்ந்துகொண்டிருந்தார். எழும்பப் பிந்தியது, ஆனால் எழும்பியது. அதற்குப் பிறகுதான் ஒரு தேக்கரண்டித் தண்ணீர். அப்பா விழுங்கினார், இருமவில்லை. எனக்குச் சந்தோசம். அந்தப் பிள்ளை ‘ஐயா, இன்னொருக்கா ஆ எண்டு சொல்லுங்கோ’ என்றார். முதலில் வரண்டு வந்த குரல் இப்போது வாய்க்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு கதைப்பதுபோல் கொரகொரவென்று வந்தது. ‘இருமேல்லைத்தான், ஆனா குரலைக் கேட்டனீங்களோ தம்பி? தண்ணி குரல்நாணுக்கு மேல நிக்குது.’ அந்த ஒரு நிமிசத்தில் நான் கற்றுக்கொண்டது பிறகு எத்தனையோ நாள் உதவியது, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அப்பாவை ‘ஆ’ சொல்ல வைத்துக் கேட்பேன்.

தொண்டையின் பின்பக்கத்தைக் குச்சியால் தொட்டால் குமட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ‘குமட்டுது, அப்ப குடுக்கலாம்’ என்று முடிவெடுக்கும் பழக்கம் முன்பு பரவலாக இருந்தது. நல்ல சுகதேகிகள் பலருக்கே அந்தக் குமட்டல் கிடையாது, அது இருப்பதால் ஒருவர் பத்திரமாக விழுங்குவார் என்றும் இல்லை. அதை மட்டும் வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

நான் என் கேள்வியைக் கேட்டேன். அந்தப் பிள்ளை ‘பாப்பம்’ என்று சொல்லவில்லை. ‘ஒரு கிழமைக்குள்ள எண்டு எதிர்பார்க்காதேங்கோ, வயசும் இருக்கு, வந்த நேரம் கடுமையாத்தான் வந்திருக்கு. ஆனா இது முதல் தரம், ஒரு பக்கம்தான், முழிப்பா இருக்கிறார், இருமல் பலமா இருக்கு. ஒரு மாதத்துக்குள்ள ஏதோ ஒரு பதத்தில வாயால எடுப்பார் எண்டு நினைக்கிறன். பிழைச்சால் திரும்பக் கதைப்பம்’ என்றார். இவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் மாறியது. அம்மா ஒவ்வொரு நாளும் ‘இண்டைக்குக் கழட்டுவினமோ’ என்று ஏங்குவதை விட்டா. நான் வேலையிடத்தில் லீவை அதற்கேற்ப எடுத்தேன். அண்ணா அவசரப்பட்டு அந்த மாதமே ரிக்கற் போடாமல், அப்பா வீட்டுக்கு வருகிற நேரத்துக்குப் போட்டார். எதிர்பார்க்க ஒரு நாள் இருந்தால் மனிசர் அதற்குள் அடங்கி நடப்பார்கள், இல்லாவிட்டால் எல்லாரும் கண்டபடி கரண்டியைத் தூக்குவார்கள்.

கரண்டியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்குக் கதவு திறந்தால் வாட் திருவிழா மாதிரி. ஒவ்வொருவர் கையிலும் ஒன்று. இளநீர், நெஸ்டமோல்ட், கரைத்த பிஸ்கற், பழச்சாறு. ‘பாவம், தொண்டை காய்ஞ்சு கிடக்கு, ஒரு வாய் தீத்திப் பாருங்கோவன்’ என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், அதனால்தான் மறுப்பது கடினம். எங்கள் மாமி ஒருவர் நல்லூரிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து, அப்பாவின் வாயைத் திறந்து விடப் போனா. நான் கையைப் பிடித்து, ‘மாமி, தலையில தெளியுங்கோ, உதட்டில ஒரு பஞ்சால தொட்டு வைப்பம், உள்ளுக்கு மட்டும் விடவேண்டாம்’ என்றேன். மாமிக்கு மனம் நொந்துதான் போனது. ஆனால் வெறும் தண்ணீர்தான் விழுங்குவதற்கு மிகக் கடினமானது, அது தொண்டைக்குள் ஓடுகிற வேகத்துக்குப் பழுதான தொண்டையால் மூடிக்கொள்ள முடியாது. ஐஸ்கிரீமும் அப்படித்தான், பார்க்கக் கெட்டி, வாய்க்குள் போனால் தண்ணீர். பருக்கை மிதக்கிற கஞ்சியும் சொதியில் ஊறின இடியப்பமும் அதைவிடப் பொல்லாதவை, தண்ணீர் முதலில் ஓடிவிடும், பருக்கை பிந்தி நிற்கும்.

ரியூப் போடச் சம்மதிப்பதா என்று வீட்டார் தடுமாறுகிற இடத்தில் 2005இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த, ‘ஃபூட்’ (FOOD) என்று பெயர் வைத்த ஆய்வுகள் உதவும். மார்ட்டின் டெனிஸ் தலைமையில் பல நாடுகளில் செய்தவை. முதல் நாட்களிலேயே ரியூப்பால் ஊட்டியவர்களில் இறப்புச் சற்றுக் குறைவாகத் தெரிந்தது, அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லுமளவுக்குப் பெரிதில்லை. அந்த ஆரம்பக் கிழமைகளில் வயிற்றில் துளைபோட்டு ரியூப் வைப்பதைவிட மூக்கால் வைப்பதே நல்லது என்றும் அந்த ஆய்வு காட்டியது. நாலு கிழமையைத் தாண்டியும் தேவைப்படும் என்று தெரிந்தால்தான் வயிற்று ரியூப்பைப் பற்றி யோசிப்பது வழக்கம். முன்கணிப்பு இங்கேதான் கைகொடுக்கிறது: இரண்டு கிழமையில் திரும்பக்கூடியவருக்கு வீணாக வயிற்றைத் துளைக்கத் தேவையில்லை, மாதக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்தவரை மூக்கு ரியூப்போடு, அவர் அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிய, கையைக் கட்டி வைத்து வதைக்கவும் தேவையில்லை.

ரியூப் இருந்தால் நியூமோனியா வராது என்றும் நினைக்காதீர்கள். எச்சில் உள்ளே போகும், அந்த எச்சிலில் அழுக்கு இருந்தால் அதுதான் சுவாசப்பைக்குப் போகும். சூசன் லாங்மோர் என்பவர் அமெரிக்காவில் வயதானவர்களிடம் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், நியூமோனியா யாருக்கு வரும் என்பதைச் சொன்னவற்றில் முன்னுக்கு நின்றது இன்னொருவர் கையால் ஊட்டப்படுவது. வாயை இன்னொருவர் துப்பரவாக்க வேண்டிய நிலை, சொத்தைப் பற்கள், ரியூப், இவையும் அந்த வரிசையில். விழுங்கச் சிரமம் என்பது மட்டும் தனியே நியூமோனியாவைக் கொண்டுவரப் போதாது என்றும் கண்டார்கள். வாழ்நாள் முழுக்க வெற்றிலை போட்ட எங்கள் பெரியவர்களின் வாயை நினைத்துப் பாருங்கள். காலையும் இரவும் மெல்லிய பிரஷால், பேஸ்ட் கொஞ்சமாக, தலையைப் பக்கவாட்டில் சரித்து, வாய்க்குள் தண்ணீர் தேங்க விடாமல் துடைத்தெடுக்க வேண்டும். அடிபட்ட பக்கக் கன்னத்துக்குள் விரலில் துணி சுற்றிப் பார்க்க வேண்டும். மருந்துக்கு அலைகிற நாங்கள் இந்த வேலையை ஏனோ மருந்தாக எண்ணுவதில்லை. தானாகக் கையால் எடுத்துச் சாப்பிட முடிகிற நாள் வந்தால் கரண்டியை அவர் கையிலேயே கொடுங்கள், சிந்தட்டும், நேரமாகட்டும், தன் கை வாய்க்கு வரும்போது தொண்டையும் ஆயத்தமாகும்.

இன்னுமொரு ஆய்வைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 ஸ்ட்ரோக் பிரிவுகளில் சாண்டி மிடில்ற்றன் என்ற தாதியப் பேராசிரியர் செய்து 2011இல் வெளியிட்டது. புதிய மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. முதல் மூன்று நாளும் காய்ச்சலைக் கவனி, இரத்தத்தில் சீனியைக் கவனி, விழுங்கலைச் சோதிக்காமல் வாயால் ஒன்றும் கொடுக்காதே, இந்த மூன்றையும் தாதியர் ஒழுங்காகச் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து, இறந்தவர்களையும் பிறர் தயவில் இருந்தவர்களையும் சேர்த்து எண்ணினால் தொகை குறைந்திருந்தது. யாழ்ப்பாணத்தில், வலிகாமத்திலும் தென்மராட்சியிலும், சீனியும் பிரஷரும் இல்லாத வீடு குறைவு. எங்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கிற வைத்தியம் இது.

அப்பாவுக்குச் சொன்ன காலத்துக்குள்ளேயே கூழ்ப் பதம் தொடங்கியது. கூழ்ப் பதம் என்றால் எவ்வளவு தடிப்பு என்று கண்ணால் சொல்வது ஆபத்து, ஒருவர் வைத்த கஞ்சி மற்றவருக்குத் தண்ணீர். இதற்கு உலகப் பொதுவான அளவு இருக்கிறது, ஐ.டி.டி.எஸ்.ஐ. என்பார்கள், பூச்சியத்திலிருந்து ஏழு வரை. பத்து மில்லிலீற்றர் சிரிஞ்சை எடுத்து ஊசியில்லாமல், அடியை விரலால் பொத்தி, பத்து வரை நிரப்பி, விரலை எடுத்துப் பத்து செக்கன் விட வேண்டும். ஒன்றுக்கும் நாலுக்கும் இடையில் மிச்சம் நின்றால் அது முதலாம் தடிப்பு, நாலுக்கும் எட்டுக்கும் இடையில் இரண்டாவது, எட்டுக்கு மேல் மூன்றாவது, வடியவே இல்லையென்றால் நாலாவது. சிரிஞ்சில் பூச்சியத்திலிருந்து பத்துக் கோடு வரை நீளம் 61.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும், கொம்பனிக்குக் கொம்பனி வித்தியாசம், பாமசியில் அடிமட்டம் வைத்துப் பார்த்து வாங்கினேன். அம்மா குசினியில் கஞ்சியை வடித்து அரைத்து, சிரிஞ்சில் விட்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பா.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தோம். தொடங்கும்போது சரியான தடிப்பில் இருந்த கஞ்சி, பாதிச் சாப்பாட்டில் தண்ணீராகிவிடும். சூடாறினால் கஞ்சி இறுகத்தானே வேண்டும்? காரணம் எச்சில். வாய்க்குள் போன கரண்டி திரும்பக் கோப்பைக்குள் போகிறது, எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதியம் மாப்பொருளை உடைக்கிறது, அரிசிக் கஞ்சி, கோன்பிளவர், ஒடியல் மா எதுவென்றாலும் இளகிவிடும். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னக் கோப்பையில் எடுத்து வைத்து ஊட்டினோம், பெரிய கோப்பைக்குள் அந்தக் கரண்டி போகாது. கடைகளில் விற்கிற தடிப்பாக்கும் மாவிலும் மாப்பொருளில் செய்தது இப்படி இளகும், சாந்தான் பசையில் செய்தது இளகாது, விலைதான் கூட.

தடிப்பாக்கிய பானத்தை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை, அப்பாவும் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். இந்த வெக்கையில் உடம்பு வரண்டுவிடும் என்பதால் சலத்தின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாத்திரைகளையும் எல்லாவற்றையும் பொடித்துவிடக் கூடாது, மெதுவாகக் கரைகிற வகைகள் இருக்கின்றன, கேட்டுவிட்டுப் பொடியுங்கள்.

பேர்த் ஆய்வில் நான் முதலில் சொல்லாமல் விட்ட ஒரு பாதி இருக்கிறது. ஆறு மாதத்தில் 87 வீதம் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள் என்றேனே, அதே ஆறாம் மாதத்தில் சோதித்துப் பார்த்தபோது பாதிப் பேருக்கு விழுங்குவதில் இன்னும் ஏதோவொரு குறை இருந்தது. எழுபது வயது கடந்தவர்கள், ஆண்கள், தொடக்க எக்ஸ்ரேயில் வாயிலிருந்து தொண்டைக்குத் தள்ளப் பிந்தியவர்கள், இவர்களுக்குக் குறை நீடிக்கும் வாய்ப்புக் கூட. அப்பாவுக்கு இதில் முதல் இரண்டும் பொருந்தும். புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார், ஆனால் பிளேன்ரீயை ஒரே மடக்கில் குடிக்க விடுவதில்லை, சாப்பிடும்போது ரி.வி. போடுவதில்லை, சாப்பிட்டு முடிந்து அரை மணித்தியாலம் சாய விடுவதில்லை. காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தால், மூச்சு வாங்கினால், குரல் கொழகொழத்தால், ‘தடிமன்தான்’ என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும், இரவென்றால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அடுத்த கிளினிக்கில் தண்ணீரை இன்னொருதரம் சோதிக்கப் போகிறார்களாம். சிரிஞ்சையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.